கடலுக்கும் சேர்த்து எழுதிய சட்டம்

எங்கள் கல்லூரியில் பிற்கால ரோமப் பேரரசு என்ற தாளை வருடா வருடம் நான்தான் நடத்துகிறேன். அறந்தாங்கிப் பக்கம் உள்ள தனியார் கல்லூரி. முதுகலை வரலாற்றில் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்தால் அதிகம். மற்ற ஆசிரியர்கள் யாரும் அந்தத் தாளைத் தொட மாட்டார்கள். "நமக்கும் ரோமுக்கும் என்னங்க சம்பந்தம்" என்று சொல்லி நழுவிவிடுவார்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது. என் கணவரை நான் முதன்முதலில் கவனித்ததே அந்தப் பாடம் நடந்த வகுப்பில்தான்.

அப்போது நாங்கள் இருவரும் புதுக்கோட்டையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தோம். பேராசிரியர் மூன்றாம் நூற்றாண்டில் ஒரு பேரரசர் போட்ட அந்தப் புகழ்பெற்ற ஆணையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பேரரசுக்குள் வாழும் சுதந்திர மனிதர்கள் ஏறக்குறைய எல்லாரும் இனி ரோமக் குடிமக்கள். ஒரே உலகம், ஒரே சட்டம். நாங்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"அப்ப, அதுக்கப்புறம் எல்லாரும் ஒண்ணுதானா சார்?"

அப்படி இல்லை என்றார் பேராசிரியர். அந்தக் காலத்திலேயே கோர்ட்டுகள் குடிமக்களை மேலோர், கீழோர் என்று இரண்டாகப் பிரித்துவிட்டன. ஒரே குற்றத்துக்கு மேலோரை நாடு கடத்தினார்கள், கீழோரைச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள் என்று விளக்கினார்.

"இதுக்கு எதுக்கு சார் அம்புட்டுப் பெருசா ஆணை போட்டாரு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார் அவர். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஆலங்குடிப் பக்கம் கடலையும் தென்னையும் போட்ட குடும்பம். வாசலுக்கு வருகிறவர் இன்னார் என்று தெரிந்துகொண்ட பிறகே தண்ணீர்ச் செம்பைக் கொடுக்கச் சொல்லும் அப்பா. கேள்வி கேட்ட அவரோ கட்டுமாவடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடற்கரை ஊர், படகுக்காரர் வீடு. எல்லாரும் ஒன்று என்ற வாக்கியம் எந்த வாசலில் போய் நின்றுவிடும் என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

பதிவாளர் அலுவலகத்தில்தான் கல்யாணம் நடந்தது. அப்பா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல், எந்த ஊரையும் கூட்டாமல், எங்களைக் கணவன் மனைவி என்று சொன்னது சட்டம் ஒன்றுதான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் அதே சட்டத்தைத் திட்டப்போகிறேன் என்பதால், நன்றி கெட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் கணவருக்கு வேலை கிடைக்கவில்லை. எழுதாத பரீட்சை இல்லை. மாமனாருக்கு மூட்டு வலி வந்து, பிறகு அவர் தவறியும் போகவே, மூத்த பிள்ளை படகில் ஏற வேண்டியதாயிற்று. நண்டு வலைக்குப் போவார். அதற்காகப் படிப்பை மூட்டை கட்டி வைக்கவில்லை. சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு எந்த ராசா?" என்பதாகத்தான் இருக்கும். மாமியார் காதில் விழும்போது நான் "நீங்க" போடுவேன். தனியாக இருக்கும்போது பழைய வகுப்புத் தோழன் போல "நீ"தான்.

அவருக்கு மிகவும் பிடித்த எதிரி ஆறாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோப்பிளில் இருந்த பேரரசர். ஆயிரம் வருடச் சட்டங்களையெல்லாம் திரட்டிச் சில புத்தகங்களாகச் சுருக்கியவர். ஆயுதமும் சட்டமும் தன் இரண்டு கைகள் என்ற நினைப்பு அவருக்கு. கடவுளே உலகத்தைத் தன் பொறுப்பில் விட்டிருப்பதாகவும், தன் சட்டம் எல்லாக் காலத்துக்கும் செல்லும் என்றும் எழுதி வைத்தார். இனிமேல் யாரும் அதற்கு விளக்கவுரைகூட எழுதக் கூடாது என்று தடை வேறு போட்டார். இதைச் சொன்னபோது என் கணவர் வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டே, "அப்ப நீ நடத்துற பாடமே குத்தம். ஒன்னயத் தூக்கி உள்ள வச்சிருப்பாரு" என்றார்.

அந்தத் தொகுப்பில் கடலைப் பற்றியும் ஒரு பதில் இருக்கிறது. அதற்கும் சில நூறு வருடம் முந்தைய பேரரசர் ஒருவர் சொன்னது. கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய வியாபாரி ஒருவரைத் தீவிலிருந்த வரி வசூல்காரர்கள் கொள்ளையடித்துவிட்டார்கள். அவர் பேரரசரிடம் முறையிட்டார். நான் உலகத்துக்கு அதிபதி, ஆனால் கடலுக்கு அதிபதி சட்டம் என்ற பொருளில் பேரரசர் பதில் கொடுத்தார். எனக்கு அது பெரிய வாக்கியமாகத் தெரிந்தது. அடக்கமும் அதிகாரமும் ஒரே மூச்சில் வருகிறதே என்று வியந்து சொன்னேன்.

அவர் வலையில் ஒரு முடிச்சைப் போட்டார். "கடலுக்கு வந்திருக்க மாட்டாரு" என்றார். அவ்வளவுதான் அவர் விமரிசனம்.

கைதிகளைப் பற்றிய சட்டமும் அவருக்குப் பிடிக்கும். எதிரியிடம் சிக்கிய ரோமன் தன் உரிமைகளை எல்லாம் இழந்துவிடுவான். அங்கேயே இறந்துபோனால், பிடிபட்ட அந்த நொடியிலேயே இறந்துவிட்டதாகச் சட்டம் வைத்துக்கொள்ளும். அடிமையாகச் செத்தான் என்ற இழிவு அவனுக்கு வரக் கூடாது என்று. தப்பித்து எல்லைக்குள் கால் வைத்துவிட்டால் எல்லாம் திரும்பக் கிடைக்கும். வீடு, நிலம், பிள்ளை எல்லாம். பெண்டாட்டி மட்டும் அப்படிச் சட்டப்படி திரும்பக் கிடைக்க மாட்டாள். அவளும் சம்மதிக்க வேண்டும்.

"வந்து நின்னு மறுபடி கேக்கணுமா?"

"ஆமா. நான் சரின்னாத்தான் சரி."

"நீ என்ன சொல்லுவ?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இப்போது பிள்ளைகளிடம் அதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். உலகம் முழுவதும் தன்னுடையது என்று சொன்ன அரசுக்கு எல்லையைத் தாண்டிப் போனவனை என்ன செய்வது என்று புரியவில்லை. வருடா வருடம் ஆட்களை இழந்துகொண்டே இருந்தார்கள். அதனால்தான் காணாமல் போனவனுக்கு இவ்வளவு சட்டம்.

ஐப்பசியில் ஒரு நாள் அவர் போன பைபர் படகு கவிழ்ந்தது. வானம் சரியில்லை என்று பாதிப் பேர் போகவில்லை. வலையைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தவர்கள் அதை எடுக்கப் போனார்கள். அவரும் இன்னொருவரும் ஒரு படகில். மறுநாள் கூடப் போனவரை வேறு ஊர்க்காரர்கள் தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் உப்பு பூத்திருந்தது. பேச வந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான். "அண்ணன் கேனைப் புடிச்சுக்கிட்டு மிதந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. இருட்டுனதுக்கப்புறம் பாக்கலை."

நல்லாத்தான் இருந்துச்சு என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் வருடக்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஆள் காணவில்லை என்றால் எங்கள் ஊரில் ஒரு படகும் தொழிலுக்குப் போகாது. எல்லாரும் தேடப் போவார்கள். யாரும் கூலி கேட்க மாட்டார்கள், யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. தேடினார்கள். படகு கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. அங்கிட்டுக் கரைக்குப் போயிருப்பார், அந்த நாட்டுப் படகு ஏதாவது தூக்கியிருக்கும், ஜெயிலில் இருப்பார், விட்டுவிடுவார்கள் என்றார்கள். நானும் நம்பினேன். படித்தவள்தான், நம்பினேன்.

ஊருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. கடலுக்குப் போய்த் திரும்பாதவனுக்கு ஊர் தானாகக் கருமாதி செய்யாது. கூட்டம் கூட்டி, கட்டினவள் வாயால் "போயிட்டாரு" என்று சொன்ன பிறகே செய்யும். வெகு காலத்துக்கு முன்பு ஒருவருக்கு எல்லாம் முடித்த பிறகு அவர் அந்தக் கரையிலிருந்து திரும்பி வந்து நின்றுவிட்டாராம். பெண்டாட்டி பொட்டில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். அதற்குப் பிறகு, கோர்ட் சொன்னால்தான் ஊர் கூடும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். கோர்ட்டோ, ஏழு வருடம் யாருக்கும் தகவல் இல்லை என்றால்தான் சொல்லும்.

ஆக, நான் தாலியோடு இருந்தேன். பூ வைக்கலாம், பொட்டு வைக்கலாம். ஆனால் வளைகாப்புக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார வைப்பதா பின்வரிசையிலா என்று பெண்கள் கண்ணால் பேசிக்கொள்வார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வரும். நானாக எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

மூன்றாவது வருடம் கொழுந்தனுக்குக் கல்யாணம் வந்தது. பத்திரிகை அடிக்க வேண்டும். அதில்தான் சிக்கல். செத்தவர் என்றால் பேருக்கு முன்னால் அமரர் என்று போட வேண்டும். மாமனாருக்குப் போட்டாயிற்று. மூத்தவருக்கு என்ன போடுவது? அச்சகத்துக்காரர் பேரையே விட்டுவிடலாம் என்றார். மாமியார் ஒரே பிடியாக நின்றார்.

"எம்புள்ளை பேரை எடுத்துட்டு எதுக்குப் பத்திரிகை? ஊரு இன்னும் சொல்லலை, கோர்ட்டு சொல்லலை, நீ யாருய்யா சொல்றதுக்கு?"

அதனால் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற வரிக்குக் கீழே, முதல் பேராக, அமரர் இல்லாமல், அவர் பேர் வந்தது. பக்கத்தில் என் பேர். கல்யாண வேலைகளுக்கு நடுவே நான் அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டேன். மூன்று வருடத்தில் அவரை உயிரோடு நான் பார்த்த இடம் அது ஒன்றுதான். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமில்லை.

ஏழு வருடம் ஆகியும் நான் வழக்குப் போடவில்லை. போடுகிற எண்ணமும் இல்லை. ரோமச் சட்டத்திலேயே போர்வீரன் மனைவிக்கு அப்படி ஒரு விதி பின்னால் வந்தது. எத்தனை வருடம் ஆனாலும் சரி, படைத் தலைவன் முன்னால் வந்து அவன் இறந்தது உண்மை என்று சத்தியம் செய்யும்வரை அவள் மனைவிதான். கொடுமையான சட்டம் என்று மாணவர்கள் சொல்வார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. யாரும் சத்தியம் செய்யவில்லை, நான் மனைவி, முடிந்தது.

மாறியது மாமியார்தான். ஒரு தை அமாவாசை அன்று ஊரே கடற்கரையில் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. மாமனாருக்குக் கொழுந்தன் எள்ளும் தண்ணீரும் விட்டார். மாமியார் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் என் கையைப் பிடித்தார்.

"அவரு குடிச்சுட்டாரு. எம்புள்ளைக்கு யாருத்தா ஊத்துறா?"

நான் கையை உருவப் பார்த்தேன், அவர் விடவில்லை.

"உசிரோட இருந்தா எங்கிட்டாவது ஒருத்தி சோறு போடுவா. செத்திருந்தா பசியோடல்ல நிப்பான். இத்தனை வருசமா ஒரு வாய்த் தண்ணி ஊத்தலையே நாம. வழக்குப் போடு ஆத்தா. கோர்ட்டுல கேட்டு ஒரு நாளு வாங்கிக் குடு. அந்த நாள்ல எம்புள்ளைக்குத் திதி குடுத்துட்டு நான் கண்ணை மூடுறேன்."

எனக்குக் காத்திருக்க வேண்டும். அவருக்குப் பிள்ளையின் பசியை ஆற்ற வேண்டும். என் ஆசை தோற்றது. வைகாசியில் நானும் மாமியாரும் போய் வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டோம். அவர் எழுத்துக் கூட்டித் தன் பேரை எழுதி முடிக்கும்வரை வக்கீல் பொறுமையாகக் காத்திருந்தார். அன்றே வழக்கைத் தாக்கல் செய்தார். நாங்கள் பஸ் ஸ்டாண்டில் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

விசாரணையன்று அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து அந்தக் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். நாங்கள் பத்திரிகை கொடுக்காத அதிகாரி ஊரில் இல்லையே, யார் கையிலிருந்தாவது போயிருக்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வேலை அது.

"இதுல மாமனார் பேருக்கு முன்னாடி அமரர்னு இருக்கு. ஒங்க கணவர் பேருக்கு இல்லை. அழைக்கிறவரே அவருதான். அப்ப உயிரோட இருக்காருன்னு தகவல் இருந்திருக்கு?"

"தகவல் இல்லைங்க."

"பின்ன ஏம்மா இப்படிப் போட்டீங்க?"

"தகவல் இல்லைங்கிறதாலதான் போட்டோம்."

கோர்ட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சரியான பதிலை நான் சொன்னதில்லை, அதற்குச் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. என்னைவிட இளைய பெண். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க நம்புனது வேற, கேள்விப்பட்டது வேறம்மா. அவரைப் பாத்ததா, பேசுனதா யாராவது ஒங்ககிட்ட வந்து சொன்னாங்களா?"

"இல்லைங்க."

"அவர் இறந்துட்டார்னு நீங்க கருதுறீங்களா?"

ஊர்க் கூட்டத்தில் சொல்லாமல் இத்தனை வருடம் வாயில் அடக்கி வைத்திருந்ததை இங்கே கேட்டார்கள். பின்னால் பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருந்தார். நான் "ஆமாங்க" என்றேன். என் குரல் நடுங்கவில்லை. வகுப்பில் ஆண்டுகளைச் சொல்வது போல வந்தது.

தீர்ப்பு சாதகம்தான். வக்கீல் வராந்தாவுக்கு வந்து விளக்கினார். அவர் இறந்துவிட்டதாகக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. இறந்த நாள், நாங்கள் வழக்குத் தாக்கல் செய்த நாள்.

"படகு கவுந்த அன்னைக்குன்னு போட முடியாதாங்க?"

"அன்னைக்கு இறந்தாருன்னு யாரும் பாக்கலையே மேடம். ஏழு வருசம் தகவல் இல்லைன்னா, இறந்துட்டாருன்னு சட்டம் வச்சுக்கும். எந்த நாளுன்னு வச்சுக்காது. நாம கேட்ட நாளைத்தான் எடுப்பாங்க."

இறந்த நாளையும் வைத்துக்கொள்ளும் சட்டம் ஒன்று எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. ரோமக் கைதிக்கு அந்த ஒரு இரக்கத்தையாவது காட்டியிருந்தார்கள். உலகத்துக்கே அதிபதி என்று பீற்றிக்கொண்டவர்கள், கண்ணுக்கு எட்டாத இடத்தில் செத்தவனை, பிடிபட்ட நொடியிலேயே சுதந்திர மனிதனாக இறக்க விட்டார்கள். பொய்தான். வேண்டுமென்றே சொல்லிக்கொண்ட பொய். எனக்கும் அப்படி ஒரு பொய் போதுமாக இருந்தது. வக்கீலிடம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மாமியார் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். பையில் எள் வாங்கி வைத்திருந்தார். போகிற வழியில் வாங்கினால் நேரமாகிவிடும் என்று.

"நாளு சொன்னாங்களா ஆத்தா?"

ஐப்பசி என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு யார் படித்துக் காட்டப் போகிறார்கள்? ஆனால் ஊர்க் கூட்டத்தில் கொழுந்தன் அதை வாசிப்பார். சொல்லிவிட்டேன்.

"போன வருசம் வைகாசியில நாம இங்கிட்டு வந்து கையெழுத்துப் போட்டோமே, அந்த நாளுதான் அத்தை."

அவருக்குக் கோர்ட் என்றால் சர்க்கார். சர்க்கார் தெரியாமல் ஒரு நாளைச் சொல்லாது.

"அதுவரைக்கும் இருந்தானா?"

"சட்டத்துக்குத்தான் அத்தை அப்படி. நெசத்துல..."

"எங்க இருந்தானாம்?"

"அது தெரியாது அத்தை."

"தம்பி கல்யாணம் நடந்தப்பவும் இருந்திருக்கான். ஒரு வார்த்தை சொல்லி விடலையே."

இல்லை, அவர் அன்றைக்கே போய்விட்டார், இருட்டியதுமே போய்விட்டார் என்று நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். முதல் தடவையாக என் வாயால் அதை முழுதாகச் சொன்னேன். அவர் காதில் அது ஏறவில்லை. எள் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நாம வந்து கையெழுத்துப் போடாம இருந்திருந்தா, இன்னும் இருந்திருப்பானா ஆத்தா?"

"இல்லை அத்தை" என்றேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை.